அடுத்து வரும் நிகழ்ச்சிகள்

அரங்கத்தின் பின்வாசல் வழியாகத்தான் மேலாளர் அவளை உள்ளே அழைத்துப்போனார். வெளியே பகல் பதினோரு மணி வெயிலில் கண் கூசியது. கதவைத் தாண்டி நாலடி வைத்ததும் கும்மிருட்டு. சன்னலே இல்லாத பழைய கட்டடம். வெளிச்சம் உள்ளே வந்தால் நாடகம் கெட்டுவிடும் என்று கட்டியவர்கள் நினைத்திருப்பார்கள். அதனால் அங்கே பகல் என்று ஒன்று வருவதே இல்லை.

நடைவழியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை. மேலே பெரிய எழுத்தில் ‘அடுத்து வரும் நிகழ்ச்சிகள்’. கீழே பட்டியல். செவ்வாய், புல்லாங்குழல் இசை. புதன், பொது உரை: தேனீக்கள் ஏன் குறைகின்றன? வெள்ளி, நாட்டிய நாடகம். அனுமதி இலவசம், அனைவரும் வருக.

“வாரத்துக்கு மூணு நிகழ்ச்சி நடக்கும்மா,” என்றார் மேலாளர். “காலேஜ் பசங்க மட்டும் இல்ல, ஊர்க்காரங்களும் வருவாங்க. உடை கிழிஞ்சு மேடையில ஒருத்தர் மானம் போகக் கூடாது. அதான் உங்க வேலை.”

அவள் தலையாட்டினாள். அவர் திரும்பி நடந்த பிறகும் அந்தப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் பட்டியலைத்தான் அவள் மகள் ஒவ்வொரு வாரமும் மேடையேறி மைக்கில் வாசிப்பாள். நான்கு வருடத்துக்கு முன்னால், வாசித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து செத்துப்போனாள்.

மேலாளருக்கு அது தெரியாது. அவர் இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உடை அறைக்குத் தையல் தெரிந்த ஆள் தேவை என்று பத்திரிகையில் வந்த நாலு வரியைப் பார்த்து விண்ணப்பம் போட்ட அவளும், தான் யார் என்று சொல்லவில்லை. எதற்காக வந்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. மகள் கடைசியாக நின்ற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தால் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவளுக்கு இருந்தது ஒரே பெண். பாப்பு என்று கூப்பிடுவாள். கணவர் போனபிறகு தையல் மெஷினை மிதித்தே அவளை வளர்த்தாள். பாப்புவுக்குச் சின்ன வயதில் ‘ழ’ வராது. வியாளக்கிளமை என்பாள். சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டே அம்மா அவளைச் சொல்லவைப்பாள். “நாக்கை மடிடி. இன்னும் மடி. ழ.” பத்து வயதுக்கு மேல்தான் வந்தது. வந்தபிறகு அந்த எழுத்தை அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை. எங்கே ‘ழ’ வந்தாலும் ஒரு நொடி நின்று, மூச்சிழுத்து, அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

அப்படிப்பட்டவளைக் கல்லூரியில் அறிவிப்பு வாசிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். தொலைபேசியில் குதித்தாள். “வாம்மா ஒரு தடவை. முன்வரிசையில உனக்கு சீட் பிடிச்சு வைக்கிறேன்.” கல்லூரி இருந்த ஊர் ஒரு நாள் பஸ் பயணத் தூரம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வேறு. “இருநூறு சீருடை வெட்டாமக் கிடக்குடி. அடுத்த தடவை பாக்கலாம்,” என்பாள் அம்மா. இரண்டு வருடமாக அதே பதில். ஒரு தடவைகூட வரவில்லை.

இதயம் பலவீனமாக இருந்திருக்கிறது என்று சொல்லித்தான் உடலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குளிப்பாட்டும்போது வலது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு வடு தெரிந்தது. இஸ்திரிப்பெட்டி சுட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

உடை அறை மேடைக்குப் பின்னால் இருந்தது. இரும்புக் கம்பிகளில் ராஜா அங்கிகள், தேவதைச் சிறகுகள், போர்வீரர்களின் மார்புக் கவசங்கள் எல்லாம் ஆள் இல்லாமல் தொங்கின. அந்துருண்டையும் பழைய முகப்பூச்சும் கலந்த வாசனை. இரண்டே நாளில் எல்லாருக்கும் அவள் தையலம்மா ஆகிவிட்டாள்.

அங்கே அவளோடு நிதானமாக நாலு வார்த்தை பேசியவர் ஒலி அமைப்பாளர் ஒருவர்தான். மாணவர்கள் அவரை மைக் அண்ணன் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், சொட்டைத் தலை, சட்டைப்பையில் எப்போதும் கரண்ட் பார்க்கும் ஒரு டெஸ்டர். எந்த வேலையாக இருந்தாலும் மேடையின் நடுவில் மட்டும் கால் வைக்க மாட்டார். சுற்றிக்கொண்டுதான் போவார். அவள் அதைக் கவனித்தாள், காரணம் கேட்கவில்லை.

முதல் திங்கட்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். நிகழ்ச்சி இல்லாத நாள் என்பதால் எல்லாரும் போய்விட்டார்கள். நாட்டிய நாடகத்துக்கு ஒரு சிறகைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினின் தடதடப்பைத் தவிர வேறு சத்தம் இல்லை.

ஏதோ கருகும் நாற்றம் வந்தது. சூட்டோடு இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் வருமே, அந்த நாற்றம். எழுந்து பார்த்தாள். இஸ்திரிப்பெட்டி அலமாரியில், வயர் சுற்றியபடி, சில்லென்று இருந்தது.

அப்போது அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் ‘கிர்ர்’ என்று இரைந்தன.

டக். டக்.

யாரோ விரலால் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

“அனைவருக்கும் வணக்கம். நமது அரங்கில் அடுத்து வரும் நிகழ்ச்சிகள்.”

அவள் கையிலிருந்த சிறகு நழுவியது.

“செவ்வாய்க்கி…ழமை மாலை ஆறு மணிக்குப் புல்லாங்குழல் இசை.”

ஒரு நொடி நிறுத்தம். ஒரு சின்ன மூச்சு. அழுத்தமான ‘ழ’.

சுவரைப் பிடித்துக்கொண்டே மேடையின் ஓரத்துக்கு வந்தாள். அரங்கம் முழுக்க இருட்டு. மேடை காலி. மைக் ஸ்டாண்டுகூட இல்லை. மேலே ஒலி அறை பூட்டியிருந்தது, அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனாலும் நான்கு மூலையிலிருந்தும் அவள் மகளின் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தெளிவாக, சந்தோஷமாக வந்துகொண்டிருந்தது. புதன்கிழமைத் தேனீ உரையை வாசித்தது. வெள்ளிக்கிழமை நாட்டிய நாடகத்தை வாசித்தது. பிறகு, தாளைத் திருப்பும் ஓசை.

“அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, நமது கல்லூரியின் முன்னாள் நூலகர் அவர்களுக்கு இரங்கல் கூட்டம். அனைவரும் வருக.”

ஒலிபெருக்கி அடங்கியது. கருகல் நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

“பாப்பு,” என்றாள் அம்மா, இருட்டைப் பார்த்து.



மறுநாள் மேலாளரிடம் மெதுவாகக் கேட்டாள், முன்னாள் நூலகர் எப்படி இருக்கிறார் என்று. “அந்தம்மாவுக்கு என்ன? நேத்துகூட நடந்தே வந்து புத்தகம் குடுத்துட்டுப் போனாங்க. ஏன் கேக்கறீங்க?” என்றார் அவர். அந்தம்மா அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தார். வியாழக்கிழமை நான்கு மணிக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. அவள் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அடுத்த திங்கட்கிழமை மூன்றரை மணிக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று குரல் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. மூன்றாவது திங்கள் குரல் வந்தது. நெஞ்சு திக்திக்கென்று அடித்தாலும் முகம் தானாக மலர்ந்தது. நான்கு வருடமாகக் கனவில்கூடக் கேட்காத குரல். தலையை ஆட்டி ஆட்டி, ஒரு கச்சேரி கேட்பதுபோல அதைக் கேட்டாள். கடைசியில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் என்று வந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பேராசிரியரே பொது உரை நிகழ்த்த வந்தார். கோட்டில் பட்டன் அறுந்துவிட்டது என்று உடை அறைக்குள் தலையை நீட்டினார். அவர் மார்புக்குக் கிட்டே குனிந்து பட்டனைத் தைத்தாள். உள்ளே இதயம் அடிப்பது காதுக்குக் கேட்டது. என்னவென்று சொல்வாள்? செத்துப்போன என் மகள் உங்கள் பெயரை வாசித்துவிட்டாள் என்றா?

“உடம்பைப் பாத்துக்கோங்க ஐயா,” என்று மட்டும் சொன்னாள்.

“எனக்கு என்னம்மா? குதிரை மாதிரி இருக்கேன்,” என்று சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனார். நன்றாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

அவருடைய இரங்கல் கூட்டம் முடிந்த சாயங்காலம், மைக் அண்ணன் இரண்டு டம்ளர் தேநீரோடு உடை அறைக்கு வந்தார். ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு அங்கியின் கையை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன் தையலம்மா,” என்றார். “தோட்டக்காரருக்குக்கூட இந்த மேடையில இரங்கல் கூட்டம் நடந்திருக்கு. ஒரே ஒரு பொண்ணுக்கு மட்டும் நடக்கல.”

“எந்தப் பொண்ணு?”

“அறிவிப்பு வாசிக்கிற பொண்ணு. ரெண்டாம் வருஷம் படிச்சுது. அன்னிக்கு நல்ல மழை. கூரை ஒழுகி மேடையெல்லாம் ஈரம். அந்த மைக் நாலு நாளா லேசா ஷாக் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. எழுதிக் குடுத்தேன், யாரும் கண்டுக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன்.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அதுவும் கேட்டுச்சு. ‘அண்ணே, மைக் சுருக்குங்குதே’ன்னு. நான்தான், ‘ஒண்ணும் ஆகாதும்மா, ரெண்டு நிமிஷந்தானே, வாசிச்சிட்டு வந்துடு’ன்னேன்.” அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “‘வரும் வியா…’ன்னுச்சு. அதுக்கு மேல வரல. கையை எடுக்க முடியல அதால. நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கறதுக்குள்ள…”

அவளுக்குக் கருகல் நாற்றம் எதனுடையது என்று விளங்கியது. உள்ளங்கை வடு எதனுடையது என்றும்.

“இதயம் பலவீனம்னு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க. கூட்டம் போட்டா எப்படிச் செத்துச்சுன்னு யாராவது பேசிடுவாங்க இல்ல? அதான் போடல. என்னையும் வாயைத் திறக்காதன்னாங்க. திறக்கல. அவங்கம்மா ஒரு கேள்வி கேக்கலையாம்.”

ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. அவள் கத்தவில்லை. மெஷின் நின்றது. அவர்தான் பதறி எழுந்து, சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியை விடுவித்து, ஒரு துணிக் கிழிசலால் விரலைக் கட்டிவிட்டார்.

“பாத்துத் தைக்கக் கூடாதா தையலம்மா,” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு ஒலிபெருக்கி இரைந்தது. டக், டக். வணக்கம் வந்தது. செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. தாள் திரும்பியது. அன்றைக்குக் குரலில் பழைய துள்ளல் இல்லை.

“வரும் வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, நமது அரங்கத்தின் ஒலி அமைப்பாளர் அவர்களுக்கு…”

நின்றது.

“…இரங்கல் கூட்டம்.”

‘அனைவரும் வருக’ வரவில்லை.

நல்லா வேணும். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சாகட்டும். அதே கையோடு, அதே மைக்கோடு சாகட்டும். இருட்டில் தனியாக உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல நாக்கில் இனித்தது.

செவ்வாய்க்கிழமை அவர் களிம்பு வாங்கிக்கொண்டு வந்தார். “விரல் எப்படி இருக்கு? இதைத் தடவுங்க, சீழ் வைக்காது.” வாங்கி வைத்துக்கொண்டாள். தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். அவர் போகும்போது முதுகைப் பார்த்தாள். சட்டைத் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. தைத்துக் கொடுக்கக் கை தானாக எழுந்தது. அடக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, பாப்பு எப்போதோ தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது. “இங்க ஒரு மைக் அண்ணன் இருக்காரும்மா. நான் குள்ளமா இருக்கேன்னு எனக்காக ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கி வைப்பாரு. தொண்டை கட்டினா மிளகு மிட்டாய் குடுப்பாரு. நீ வந்தா அவரைத்தான் முதல்ல காட்டணும்.”

வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்கவில்லை. ஓடினாள்.

அரங்கத்துக்குள் விளக்குகள் எரிந்தன. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்காக மேடையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், பலகை பளபளவென்று நனைந்திருந்தது. மைக் அண்ணன் வெறுங்காலோடு நின்று ஒரு ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டிருந்தார். மைக் இருந்த இடம் மேடையின் நடு. அவர் இத்தனை வருடம் சுற்றிக்கொண்டே போன இடம். மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

கருகல் நாற்றம் குப்பென்று வந்தது.

“தொடாதீங்க!”

அவள் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“என்ன தையலம்மா?”

“தொடாதீங்க அண்ணே. டெஸ்டரை வச்சுப் பாருங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். மைக்கின்மேல் அதன் நுனி பட்டதும், உள்ளே சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியே இரண்டடி பின்னால் போய் மேடையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

“இது போன மாசம் வந்த புது மைக். நேத்துகூடப் பாத்தேனே,” என்று முனகினார். “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொண்ணு என் பொண்ணு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமைகள், நூலகர், பேராசிரியர், நேற்று முன்தினம் வந்த பெயர், செவ்வாய்க்கிழமை முழுக்கத் தான் வாயை மூடிக்கொண்டு இருந்தது வரை. சொல்லி முடித்ததும் அவள் காலைத் தொடக் குனிந்தார். அவள் நகர்ந்துகொண்டாள்.

“என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சுதா அது?” என்றார் மெல்ல. “நியாயந்தான்.”

“இல்ல. அவ யாரையும் கொல்ல மாட்டா. தாள்ல இருக்கறதை வாசிக்கிறா, அவ்வளவுதான்.” அவள் ஒலிபெருக்கிகளை அண்ணாந்து பார்த்தாள். “யாரு எழுதிக் குடுக்கறாங்கன்னுதான் தெரியல.”

வியாழக்கிழமை வந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் நாலு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தாகிவிட்டது. இருவருமே சொல்லிவைக்காமல் அரங்கத்துக்கு வந்தார்கள். அரங்கத்தின் மின் இணைப்பு முழுவதையும் முந்தின நாளே மைக் அண்ணன் தன் கையால் துண்டித்துவிட்டிருந்தார். ஒரு மெழுகுவத்தியை மேடை ஓரத்தில் ஏற்றிவைத்துவிட்டுக் கீழே போய் நின்றார். மைக் ஸ்டாண்டு வயர் இல்லாமல் நடுவில் நின்றது.

தையலம்மா மேடையேறினாள். இதுவரை நாலு பேர் முன்னால் பேசியதில்லை.

“என் பொண்ணு,” என்று ஆரம்பித்தாள்.

வயர் இல்லாத மைக் அவள் குரலை எடுத்துக்கொண்டது. ‘என் பொண்ணு’ என்று நான்கு மூலையிலிருந்தும் அரங்கம் திருப்பிச் சொன்னது. கீழே மைக் அண்ணன் நாற்காலியின் முதுகை இறுகப் பற்றினார்.

“என் பொண்ணு பேரைச் சொல்லி இங்க யாரும் ஒரு நிமிஷம்கூட எழுந்து நிக்கல. அவளுக்குப் பத்தொன்பது வயசு. ‘ழ’ வராம இருந்தா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சொல்லிக் குடுத்தேனே தவிர, வந்து கேக்கல. ரெண்டு வருஷம் கூப்பிட்டா. சட்டை தைக்கணும்னேன். அந்தச் சட்டையெல்லாம் இப்ப எந்தப் பிள்ளைக்கும் பத்தாது, கிழிஞ்சு போயிருக்கும்.” மூச்சு வாங்கியது. “எப்படிச் செத்தான்னும் கேக்கல. கேட்டிருக்கணும். இப்ப வந்துட்டேன்டி. லேட்டாத்தான் வந்தேன். நீ யார் பேரையும் இனிமே வாசிக்க வேண்டாம் கண்ணு. அந்தத் தாளைக் கீழ போட்டுடு.”

மெழுகுவத்தியின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டக். டக்.

“முன்வரிசையில உக்காரும்மா.”

மேடைக் குரல் இல்லை அது. வீட்டில் பேசும் குரல். மைக் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் இறங்கிவந்து முன்வரிசையின் நடுவில் உட்கார்ந்தாள். குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. அனைவருக்கும் வணக்கம். அடுத்து வரும் நிகழ்ச்சிகள். ஆனால் அவள் பலகையில் பார்த்த நிகழ்ச்சிகள் எதுவும் அதில் இல்லை. செவ்வாய்க்கு ஒரு வீணைக் கச்சேரி. புதனுக்கு நட்சத்திரங்கள் பற்றி ஒரு பொது உரை.

“அது அன்னிக்குப் பட்டியல்,” என்று மைக் அண்ணன் கிசுகிசுத்தார். “அந்தப் பொண்ணு செத்த அன்னிக்கு வாசிச்சது.”

“வரும் வியா…”

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருட்டில் ஒரு சின்ன மூச்சு இழுபட்டது.

“…ழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, முதலாம் ஆண்டு மாணவர்கள் வழங்கும் நகைச்சுவை நாடகம். சிரிக்க விரும்பும் அனைவரும் வருக. நன்றி, வணக்கம்.”

தையலம்மா கைதட்டினாள். கட்டுப் போட்ட விரல் வலியில் உயிர் போனது. நிறுத்தவில்லை. எழுந்து நின்று தட்டினாள். அவருக்கும் கண்ணீர் வழிய, அவரும் தட்டினார். மெழுகுவத்தி அணைந்தது. அன்றைக்குக் கருகல் நாற்றம் வரவேயில்லை என்பதை வெளியே வந்தபிறகுதான் இருவரும் உணர்ந்தார்கள்.

மைக் அண்ணன் மறுநாளே நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கல்லூரித் தலைவரிடம் கொடுத்தார். ஒரு நகலைத் தையலம்மாவிடம் தந்தார். அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பிறகு விசாரணை வந்தது, செய்தி வெளியே போனது, கூரையும் வயரும் ஒலிபெருக்கியும் எல்லாம் புதிதாக மாறின. அறிவிப்பு வாசிக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது அடுத்த வாரப் பட்டியல் திரையில் எழுத்தாக வரும், படித்துவிட்டு எழுந்து போகவேண்டியதுதான்.

திங்கட்கிழமைகளில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு மாதம், இரண்டு மாதம். ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. யாருக்கும் சாவு சொல்லப்படவில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? அந்தக் குரலைத் தன் வாயாலேயே போகச் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று உடைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். இரண்டாவது முறையும் சாகக்கொடுத்தவள்போல மெலிந்துபோனாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பகல் காட்சியாக ஒரு நாட்டியம். அரங்கம் நிரம்பி வழிந்தது. முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பார்க்க வந்திருந்த ஒரு நடுவயதுப் பெண் உடை அறை வாசலில் வந்து நின்றாள்.

“நீங்கதான் இங்க தைக்கறவங்களா?”

“ஆமா, சொல்லுங்க.”

“கடைசியில வந்து அடுத்த வாரம் என்ன நிகழ்ச்சின்னு வாசிச்சுதே ஒரு பொண்ணு, குள்ளமா. அதோட பாவாடை ஓரம் பிரிஞ்சு தரையில இழுபடுது. கால்ல மாட்டி விழுந்துடாதேம்மான்னேன். ‘அம்மா உள்ள இருக்காங்க, பாத்துக்குவாங்க’ன்னுச்சு. சரி, உங்க காதுல போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

தையலம்மாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் மேசைமேல் மெதுவாக இறங்கியது.

“என்னென்ன வாசிச்சா?” என்று கேட்டாள். “யாருக்காவது… இரங்கல் கூட்டம்னு ஏதாவது?”

“சேச்சே. ஒரு பாட்டுக் கச்சேரி, ஏதோ ஒரு உரை. அவ்வளவுதான். நல்லா நிறுத்தி நிதானமா வாசிச்சுது. உங்க பொண்ணா?”

“ஆமா,” என்றாள் அவள். “என் பொண்ணுதான்.”

அந்தப் பெண் போனதும் மேடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். யாருமில்லை. திரையில் எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாள். பாவாடை எந்த நிறம் என்று கேட்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, எதற்கும் ஒத்துப்போகட்டும் என்று ஒரு சாம்பல் நிற நூலை எடுத்து, ஊசியில் முழங்கை நீளத்துக்குக் கோத்து, மெஷின்மேல் வைத்தாள். அறையைப் பூட்டாமல் வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தபோது ஊசி வேறு இடத்தில், குண்டூசி மெத்தையில் ஒழுங்காகக் குத்தியிருந்தது. அதில் ஒரு விரற்கடை நூல்தான் மிச்சம். பல்லால் கடித்து அறுத்திருந்த அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் ஈரமாக இருந்தது.